சிறுத்த இரைப்பைக்கு ஒரு டம்ளர் காபி

எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குத் தயாராகிறவர்கள் என்னிடம் போனில் பேசுவதுண்டு. வலி எப்படி இருக்கும், எத்தனை கிலோ குறையும், எப்போது வேலைக்குப் போகலாம் என்றெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கடைசியில் கொஞ்சம் தயங்கி இன்னொன்றும் கேட்பார்கள். "அக்கா, காபி குடிக்கலாமா?" கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தத் தயக்கம் நன்றாகவே புரியும். குடிக்கலாம். உடனே முடியாது, பழைய மாதிரியும் முடியாது. ஆனால் சரியாகக் கலக்கத் தெரிந்துகொண்டால், முதல் வருஷத்தில் உங்களுக்குப் பெரிய துணையாக இருக்கப் போவது அந்தக் காபிதான்.

எனக்குச் செய்தது ஸ்லீவ் கேஸ்ட்ரெக்டமி. இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒடுங்கிய குழாயாக விட்டுவைப்பார்கள். ஆரம்பத்தில் அதில் 100 முதல் 150 மில்லி வரைதான் பிடிக்கும். இரைப்பை பைபாஸ் செய்துகொள்கிறவர்களுக்கு மேலே விடும் பை இன்னும் சின்னது, சுமார் 30 மில்லி. வயிறு சுருங்கிவிட்டது என்பதற்காக உடம்பு கேட்கும் புரதம் சுருங்குவதில்லை. நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது, 80 வரை போனால் நல்லது என்பதுதான் டயட்டீஷியன்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஒரு இட்லியில் ஏறக்குறைய 2 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6. சின்னக் கிண்ணம் சாம்பாரில் 2, 3 கிராம் தேறினால் அதிகம். அறுவை முடிந்த இரண்டாவது மாதத்தில், ஒரே ஒரு இட்லியைக் குழைத்து அரை மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு 60 கிராம் எங்கிருந்து வரும்?

வராவிட்டால், குறைகிற எடையில் கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும். மாடிப்படி ஏறினால் தொடை நடுங்கும். முடியும் கொட்டும். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை முடி கொட்டுவது பலருக்கும் நடக்கிறது. உடம்பு ஒரு பெரிய அறுவையையும் வேகமான எடைக் குறைவையும் சந்தித்ததன் விளைவு அது, பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். ஆனால் புரதமும் இரும்புச் சத்தும் துத்தநாகமும் பற்றாமல் போனால் அது நீண்டுகொண்டே போகும். சீப்பில் கொத்தாக முடி வரும்போது "இது தானாகச் சரியாகிவிடும்" என்று ஒருவர் சொல்லக் கேட்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறவர்களிடம் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம்தான் புரோட்டீன் பவுடர் பேச்சு.

பவுடர் வாங்குவதில் யாருக்கும் சிரமமில்லை. குடிப்பதில்தான் சிரமம். முதல் வாரம் மருந்து மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிடுவார்கள். இரண்டாவது வாரம் டப்பாவைத் திறந்தாலே குமட்டும். அப்புறம் டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும், இரத்தப் பரிசோதனையில் அல்புமின் என்ற புரதம் குறைந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லும்வரை கீழே இறங்காது. அறுவைக்குப் பிறகு நாக்கும் மூக்கும் மாறிவிடுவது இதற்குப் பெரிய காரணம். முன்பு பிடித்த இனிப்பு இப்போது திகட்டும், பொரித்த எண்ணெய் வாசனை தலையைச் சுற்றும். கடையில் கிடைக்கும் சாக்லேட், மேங்கோ, குக்கீஸ் ருசிப் பவுடர்களில் பெரும்பாலானவை ஜிம்முக்குப் போகிற பையன்களை மனதில் வைத்துச் செய்தவை, இனிப்பு தூக்கலாக இருக்கும். மாதக்கணக்கில் தினமும் குடித்தே ஆக வேண்டிய ஒன்று ருசியாக இருக்க வேண்டும் என்று கேட்பதை நாக்குக்கு அடிமையாக இருப்பதாகச் சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. ருசி இல்லாவிட்டால் குடிக்க மாட்டோம், குடிக்காவிட்டால் அறுவையின் பலன் பாதி போய்விடும். மாத்திரையை நேரத்துக்குப் போடுவது எப்படியோ, அப்படித்தான் இந்தப் பானத்தை ருசியாகச் செய்துகொள்வதும்.

நமக்கு எந்த ருசி சலிக்காது? அரை நூற்றாண்டாகத் தினம் இரண்டு வேளை குடித்தும் சலிக்காத ஒன்று நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. பாலிலிருந்து பிரித்தெடுக்கும் வே புரோட்டீனுக்கு இயல்பாகவே பால்பவுடர் வாசனையும் அடியில் ஒரு மெல்லிய கசப்பும் உண்டு. மாம்பழ எசென்ஸ் அந்தக் கசப்போடு சண்டை போடும். காபியோ தானே கசப்பு, தானே பாலோடு பழகியது, அதனால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கிவிடும். ஆகவே என் முறை, பவுடருக்குக் காபி வாசனை சேர்ப்பது என்று தொடங்குவதில்லை. நல்ல காபி ஒன்றைப் போட்டு, அதற்குள் புரதம் தெரியாமல் நுழைய இடம் கொடுப்பது.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. முதல் மாதம் காபி வேண்டாம். வெட்டித் தைத்த இடம் ஆற வேண்டும், காபி வயிற்றில் அமிலச் சுரப்பைத் தூண்டும். தண்ணீரே மடக்கு மடக்காக இறங்குகிற அந்த நாட்களில் இருக்கிற கொஞ்ச இடத்தையும் காபிக்குக் கொடுத்துவிட்டால் உடம்பில் நீர்ச்சத்து வற்றிப்போகும். எத்தனை வாரம் என்பதில் மருத்துவமனைக்கு மருத்துவமனை வித்தியாசம் உண்டு, உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு. ஸ்லீவ் செய்தவர்களில் நெஞ்செரிச்சல் வருகிறவர்கள் கணிசமானவர்கள். அவர்கள் அனுமதி கிடைத்த பிறகும் அரை டம்ளரில் தொடங்கி, எரிகிறதா என்று பார்த்துத்தான் மேலே போக வேண்டும்.

சரி, இனி அடுப்படிக்கு வரலாம்.

வே பவுடரைக் கொதிக்கும் காபியில் கொட்டினால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். ரவை ரவையாக மேலே மிதக்கும், கரண்டியால் எவ்வளவு நசுக்கினாலும் கரையாது. பால் திரிந்த வேலைதான் இதுவும். வே புரதத்தில் பெரும்பங்கான பீட்டா லாக்டோகுளோபுலின் 70 டிகிரி செல்சியஸைத் தொடும்போது அவிழ்ந்து ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்குகிறது. கறுப்பு டிகாக்‌ஷன் கொஞ்சம் அமிலத் தன்மை உள்ளது, அமிலத் தன்மையை அளக்கும் பிஎச் அதில் 5-ஐ ஒட்டி இருக்கும். இந்தப் புரதம் மிக எளிதாகத் திரள்வதும் அந்த அளவில்தான். சூடும் அமிலமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். திரண்டுவிட்டாலும் சத்து போய்விடாது, புரதம் புரதமாகவே இருக்கும். ஆனால் அந்தக் கட்டிகளை ஒடுங்கிய இரைப்பை உள்ள ஒருவர் விழுங்குவது கொடுமை. பால் சேர்ந்தால் அமிலம் அடங்கும், அதனால் பவுடர் முதலில் பாலைத்தான் பார்க்க வேண்டும், டிகாக்‌ஷன் பிற்பாடு.

சூட்டை அளக்கச் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வந்து அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். என் மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன அம்மணி, காபிக்கு சொரம் பாக்கறயா?"

"60 டிகிரிக்குக் கீழ வரோணும்ங்க அத்தை. இல்லீனா பவுடர் கட்டிக்கும்."

"அதுக்குத்தானே டபரா இருக்குது? நல்லா ஆத்தீட்டு, கை பொறுக்கற சூட்டுல போடு."

அத்தை சொன்னபடி டம்ளருக்கும் டபராவுக்கும் மாற்றி மாற்றி ஆற்றிவிட்டுத் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். அஞ்சாறு முறை நல்ல உயரத்திலிருந்து ஊற்றினால் 60-க்குப் பக்கத்தில் இறங்கிவிடுகிறது. டபராவை விரல்களால் பிடித்துத் தாங்க முடிகிறது என்றால் பவுடருக்கு அது பாதுகாப்பான சூடு. ஒரே ஒரு விஷயம், ஆற்றுவதெல்லாம் பவுடர் சேர்ப்பதற்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். வே புரதம் நுரை கட்டுவதில் கெட்டிக்காரப் புரதம். சேர்த்த பிறகு உயரத் தூக்கி ஆற்றினால் டம்ளரில் பாதிக்கு நுரைதான் நிற்கும், சீக்கிரத்தில் அடங்கவும் அடங்காது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நுரை என்பது காற்று. 100 மில்லி பிடிக்கிற வயிற்றுக்குள் காற்று போனால் நெஞ்சுக்கு நடுவில் கல் அடைத்த மாதிரி வலிக்கும், ஏப்பம் வரும்வரை விடாது. ஸ்ட்ரா வேண்டாம் என்று மருத்துவமனையில் சொல்வதற்கும் இந்தக் காற்றுதான் காரணம்.

என் அளவைச் சொல்கிறேன். ஆவின் நீலப் பாக்கெட் பால் 150 மில்லி. அதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக் காய்ச்சி ஆற வைத்து, சுவை சேர்க்காத வே ஐசொலேட் (புரதம் மிகுந்த வே பவுடர் வகை) 25 கிராமை அதில் போட்டு, கரண்டியால் ஓரத்தோடு ஓரமாகத் தேய்த்துக் குழைக்க வேண்டும். தோசை மாவு பதத்துக்கு வரும். இரண்டு நிமிஷம் அப்படியே விட்டால் உள்ளே இருக்கிற சின்னச் சின்ன உருண்டைகளும் ஊறிக் கரைந்துவிடும். மிச்சப் பாலைச் சூடாக்கி, 40 மில்லி கெட்டி டிகாக்‌ஷன் சேர்த்து, நன்றாக ஆற்றி, குழைத்து வைத்ததில் சிறுகச் சிறுக ஊற்றிக் கலக்கினால் போதும். பாலிலிருந்து 5 கிராம், பவுடரிலிருந்து 22 கிராம், ஆக 27 கிராம் புரதம். ஒரு நாளைக்கு வேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, ஒரே டம்ளரில்.

டிகாக்‌ஷன் முதல் டிகாக்‌ஷனாக இருக்க வேண்டும். இரண்டாம் முறை தண்ணீர் ஊற்றி இறக்கியது வெறும் நிறமுள்ள தண்ணீர், அதற்குக் கொடுக்க இந்த வயிற்றில் இடமில்லை. ஃபில்டரில் மூன்று கரண்டி பொடி நிறையப் போட்டு, லேசாக அமுக்கி, கொதிக்கிற தண்ணீரைச் சுற்றி ஊற்றி, இரவெல்லாம் சொட்டவிட்டால் காலையில் கெட்டியாக இருக்கும். சிக்கரி கலந்த பொடியா, கலக்காததா என்று கேட்பார்கள். சிக்கரியில் கஃபீன் கிடையாது, டிகாக்‌ஷனுக்குக் கெட்டித் தன்மையும் அடிநாக்கில் ஒரு இனிப்பும் கொடுக்கும், சர்க்கரை இல்லாமல் குடிக்கப் போகிற நமக்கு அது உதவி. சிக்கரி வேரில் உள்ள இனுலின் என்ற நார்ச்சத்து சிலருக்கு வாயுவைக் கிளப்பும், அப்படி இருந்தால் மட்டும் விட்டுவிடலாம். எவ்வளவு சிக்கரி என்பதைப் பாக்கெட்டில் போட்டிருப்பார்கள். காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது சட்டம், அதற்கு மேல் உங்கள் விருப்பம். எனக்கு 80-க்கு 20.

சூடான காபியைப் பற்றி இவ்வளவு பேசினாலும், உண்மையில் நான் அதிகம் குடித்தது ஆறிய காபியைத்தான். காரணம் நேரம். ஆரம்ப வாரங்களில் 30 மில்லி மருந்துக் கப்பை வைத்துக்கொண்டு 15 நிமிஷத்துக்கு ஒரு கப் என்று குடிக்கச் சொல்வார்கள். அந்த வேகத்தில் 200 மில்லி டம்ளர் முடிய ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். காபிக்கு அனுமதி கிடைக்கிற சமயத்தில் வேகம் கொஞ்சம் கூடியிருக்கும், அப்படியும் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. ஆவி பறக்கத் தொடங்கிய காபி பாதியில் வெதுவெதுப்பாகி, கடைசியில் ஏடு படிந்து நிற்கும். ஆகவே தொடங்கும்போதே குளிர்ச்சியாக இருந்து, கடைசி மடக்குவரை அதே ருசியோடு இருக்கிற காபிதான் நமக்கு ஏற்றது. இரவே காய்ச்சி ஆறிய பாலில் பவுடரைக் கலந்து, மூடிபோட்ட பாட்டிலில் குலுக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். காலையில் பார்த்தால் நுரையெல்லாம் அடங்கி, பவுடர் முழுக்க ஊறி, பட்டுப்போல் இருக்கும். ஃபில்டரில் இறங்கியிருக்கிற டிகாக்‌ஷனை ஆறவைத்துச் சேர்த்தால் முடிந்தது. வெளியே எடுத்த பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேஜையில் விடக் கூடாது. நம் ஊர் வெயிலில் பால் பானம் சீக்கிரம் கெட்டுவிடும்.

அமெரிக்காவில் இந்த அறுவை செய்துகொண்டவர்கள் கடையில் கிடைக்கும் பாட்டில் புரோட்டீன் ஷேக்கை ஐஸ் காபியில் ஊற்றி, சர்க்கரையில்லாத ஹேசல்நட், கேரமல் சிரப்புகளைச் சேர்த்துக் குடிக்கிறார்கள். அந்தச் சிரப்புகள் இங்கேயும் ஆன்லைனில் கிடைக்கின்றன. நம் அஞ்சறைப் பெட்டியை வைத்துக்கொண்டு அதற்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

முதல் இடம் ஏலக்காய்க்கு. பொடித்த ஏலக்காயைக் கடைசியில் தூவினால் திப்பி நாக்கில் இடறும், வாசனையும் மேலோடு நின்றுவிடும். தோலை நீக்கி உள்ளிருக்கும் கறுப்பு விதையை மட்டும் ஒன்றிரண்டாகத் தட்டி, ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் காபிப் பொடியோடு கலந்துவிட வேண்டும். கொதிநீர் இறங்கும்போது வாசனையையும் இழுத்துக்கொண்டு இறங்கும். இரண்டு காய்க்கு மேல் போட்டால் பாயச வாசனை வந்துவிடும்.

பட்டையை ஒருபோதும் பொடியாகச் சேர்க்காதீர்கள். நம் கடைகளில் பட்டை என்று கிடைப்பது பெரும்பாலும் காசியா வகை. அதன் பொடி தண்ணீரில் ஊறினால் வழவழவென்று கோழைபோல் ஆகிவிடும். வயிறு ஏற்கெனவே குமட்டலின் ஓரத்தில் நிற்கும் ஒருவருக்கு அந்த வழவழப்பு ஒன்றே போதும். ஒரு சின்னத் துண்டைச் சூடான டிகாக்‌ஷனில் போட்டு, கால் மணி நேரம் கழித்து எடுத்துப்போடுங்கள். வாசனை வந்துவிடும், வழவழப்பு வராது.

கோகோ சேர்த்தால் மோக்கா. இனிப்புச் சேர்க்காத கோகோ பவுடர் ஒரு தேக்கரண்டி போதும். குளிர்ந்த பாலில் நேரே போட்டால் மிதந்துகொண்டே இருக்கும், கொதிக்கிற டிகாக்‌ஷனை ஒரு கரண்டி ஊற்றிக் குழைத்தால்தான் அதன் நிறமும் மணமும் வெளியே வரும். வே ஒத்துக்கொள்ளாமல் பட்டாணிப் புரதம் எடுத்துக்கொள்கிறவர்களுக்கு இந்த மோக்காவைத்தான் சொல்வேன். பட்டாணியில் பச்சைப் பருப்பு வாசனை ஒன்று உண்டு, அதை மறைக்க ஏலக்காயால் முடியாது, கோகோவால் முடியும்.

வெனிலா எசென்ஸ் இரண்டு சொட்டு, எல்லாம் ஆறிய பிறகு. சூட்டில் விட்டால் ஆவியாகிவிடும். வெனிலாவுக்குத் தன்னளவில் இனிப்புக் கிடையாது, ஆனால் அந்த மணம் வந்தாலே நாக்கு இனிப்பாக எடுத்துக்கொள்ளும், அதனால் இனிப்பூட்டியைப் பாதியாகக் குறைக்கலாம். அதோடு இரண்டு விரலில் கிள்ளுகிற அளவு உப்பு. உப்பு கசப்பை அடக்கும், பவுடர் வாசனை பாதி குறைந்துவிடும். இதை மட்டுமாவது செய்து பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

மாலையில் கஃபீன் வேண்டாம் என்றால் சுக்கு மல்லிக் காபி. சுக்கும் கொத்தமல்லி விதையும் வறுத்துப் பொடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டி, ஆறிய பிறகு பாலில் குழைத்த வே சேர்க்க வேண்டும். டீ வடிகட்டியோடு விட்டுவிடாதீர்கள், சுக்கு நார் தொண்டையில் நிற்கும். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் சுக்கைக் குறைத்து மல்லியைக் கூட்டிக்கொள்ளலாம்.

சுக்கு காபி என்றதும் கருப்பட்டி வந்துவிடும். "வெள்ளைச் சர்க்கரைதானே கூடாது, கருப்பட்டி நல்லதாச்சே, தேன் நல்லதாச்சே" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் தேனும் பெரும்பகுதி சர்க்கரையேதான். பைபாஸ் செய்தவர்களுக்கு, சில நேரம் ஸ்லீவ் செய்தவர்களுக்கும், அடர்த்தியான இனிப்பு சிறுகுடலுக்குள் வேகமாக இறங்கும், அங்கே நீரை இழுக்கும். அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்று முறுக்கல், பேதி என்று படுக்கப் போட்டுவிடும். டம்பிங் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வருகிற இன்னொரு வகையும் உண்டு. சர்க்கரைக்குப் பதிலாக ஸ்டீவியா, சுக்ரலோஸ் மாதிரி இனிப்பூட்டி கொஞ்சமாகப் போதும். மால்டிடால், சார்பிடால் என்று பெயர் போட்ட இனிப்பூட்டிகளைத் தள்ளிவிடுங்கள், வயிறு உப்பிப் பேதியாகும். இனிப்பை வாரம் வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் சிக்கரியின் இனிப்பே போதுமென்று ஆகிவிடும். எனக்கு ஆயிற்று.

மாத்திரைகளைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதை விளக்கிச் சொல்ல ஆள் இருப்பதில்லை. அறுவைக்குப் பிறகு இரும்புச் சத்து, கால்சியம், பி12 எல்லாம் ஆயுசுக்கும் தொடர வேண்டியவை. காபியில் உள்ள பாலிஃபீனால்கள் இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது, பாலில் உள்ள கால்சியமும் அதே வேலையைச் செய்யும். புரோட்டீன் காபியில் இரண்டும் இருக்கிறது. எனவே அதோடு இரும்பு மாத்திரையைப் போட்டுக்கொள்வது, அதைக் குப்பையில் போடுவதற்குச் சமம். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். நான் இரும்பை ராத்திரிக்கு மாற்றிக்கொண்டேன். கால்சியம் மாத்திரையையும் இரும்போடு சேர்க்கக் கூடாது, அதற்கும் இரண்டு மணி நேரம். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துத்தான் காபியைத் தொட வேண்டும்.

பவுடர் வாங்கும்போது முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். பாலில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய 80 பங்கு கேசீன், 20 பங்கு வே. அந்த வேயைப் பிரித்து உலர்த்தினால் கான்சன்ட்ரேட், அதை மேலும் வடிகட்டிக் கொழுப்பையும் லாக்டோஸையும் நீக்கினால் ஐசொலேட். ஐசொலேட்டில் 90 விழுக்காடு வரை புரதம் இருக்கும். அறுவைக்குப் பிறகு பால் ஒத்துக்கொள்ளாமல் போகிறவர்களுக்கு லாக்டோஸ் குறைந்த ஐசொலேட் பரவாயில்லை. சேர்மானப் பட்டியலில் கிளைசின், டாரின் என்று தனி அமினோ அமிலங்கள் போட்டிருந்தால் கவனியுங்கள். புரதத்தைச் சோதனைச் சாலையில் நைட்ரஜனை வைத்துத்தான் கணக்கிடுவார்கள், விலை குறைந்த அமினோ அமிலத்தைக் கலந்தாலும் அந்த எண் ஏறிவிடும். "பனீர் செய்கிற தண்ணிதானே வே, அதையே குடிச்சா ஆகாதா?" என்று கேட்டவர்களும் உண்டு. அந்தத் தண்ணீரில் 100 மில்லிக்கு ஒரு கிராம் புரதம்கூடத் தேறாது. பொட்டுக்கடலை மாவை வைத்து ஒப்பேற்றலாமா என்றால், அதில் 100 கிராமுக்கு 20 கிராம் சொச்சம் புரதம் உண்டு, ஆனால் கூடவே அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் மாவுச் சத்தும் வரும். பிற்பாடு உணவில் சேர்த்துக்கொள்ள நல்லது, ஆரம்ப மாதங்களில் வேலைக்கு ஆகாது. சிறுநீரகம் கெட்டுவிடும் என்று பயமுறுத்துகிறவர்களுக்கு என் பதில் இதுதான்: நாம் குடிப்பது பயில்வான் அளவு கிடையாது, உடம்புக்குத் தேவையான அளவைத்தான் எட்டப் பார்க்கிறோம். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் டப்பாவைத் திறக்கக் கூடாது.

இந்தக் காபியை இவ்வளவு நேசித்தாலும், எப்போது குறைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். திரவ உணவு ஸ்லீவ் வழியாகச் சட்டென்று இறங்கிவிடும், வயிறு நிறைந்த உணர்வைத் தராது. பனீர், முட்டை, மீன், சுண்டல் என்று கெட்டி உணவில் புரதம் எடுத்தால்தான் பசி அடங்கும். பருப்பையும் முட்டையையும் சிரமமில்லாமல் சாப்பிட முடிகிற கட்டம் வந்ததும், தட்டில் புரதத்தை முதலில் சாப்பிட்டுவிட்டு, அரை மணி நேரம் கழித்துத்தான் எதையும் குடிக்க வேண்டும். நான் இப்போது காலையில் ஒரே ஒரு டம்ளர், அதுவும் பவுடர் பாதியாக, மிச்சப் புரதம் சாப்பாட்டிலிருந்து. அதையும் விட்டுவிடலாம் என்று டயட்டீஷியன் சொல்லிவிட்டார். எனக்கு விட மனமில்லை, அது வேறு விஷயம்.

போன வாரம் பேசிய ஒருவருக்கு அடுத்த மாதம் அறுவை. சலுகை விலையில் கிடைக்கிறது என்று இரண்டு கிலோ சாக்லேட் பவுடருக்கு இப்போதே ஆர்டர் போடப் பார்த்தார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். இன்றைக்குப் பிடிக்கிற ருசி அறுவைக்குப் பிறகு பிடிக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஒரு வேளைக்கு மட்டும் வருகிற சின்னப் பாக்கெட்டுகள் விற்கிறார்கள், சுவை சேர்க்காததும் வெனிலாவுமாக நாலைந்து வாங்கி வையுங்கள், காபிக்கு டாக்டர் தலையாட்டிய பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள் என்றேன். வீட்டில் ஃபில்டர் இருக்கிறதா என்று கேட்டேன். இன்ஸ்டன்ட்தான் குடிக்கிறார்களாம். அதிலும் செய்யலாம், ஒரு தேக்கரண்டித் தூளை 40 மில்லி வெந்நீரில் கரைத்துக்கொண்டால் டிகாக்‌ஷன் இடத்தில் ஊற்றலாம். இருந்தாலும் ஒரு சின்ன ஃபில்டர் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், இரண்டு பேர் அளவுள்ளது போதும்.